பசடீனாவின் தேக்கு வீடு

லாஸ் ஏஞ்சலஸுக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் கையில் ஒரு பட்டியலோடுதான் விமானம் ஏறுகிறார்கள். மலையில் நிற்கும் ஹாலிவுட் எழுத்துகள், யுனிவர்சல் ஸ்டுடியோ, டிஸ்னிலேண்ட், சான்டா மோனிகா கடற்கரை, புண்ணியத்துக்கு மாலிபு பெருமாள் கோயில். இவை முடிந்ததும் லாஸ் வேகஸுக்குக் கார் கிளம்பிவிடும். பட்டியலில் இல்லாத ஒரு வீட்டைப் பற்றி நான் இங்கே சொல்லப்போகிறேன்.

நகரின் மையத்திலிருந்து வடகிழக்கே, சான் கேப்ரியல் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது பசடீனா. புத்தாண்டு தினத்தில் ரோஜா அணிவகுப்பு நடக்குமே, அந்த ஊர். கால்டெக் இருக்கும் ஊரும் இதுதான். அங்கே ஆரஞ்சு குரோவ் சாலையை ஒட்டி, வெஸ்ட்மோர்லேண்ட் பிளேஸ் என்ற சின்னஞ்சிறு தெருவில் 4ஆம் எண் வீட்டுக்குப் பெயர் கேம்பிள் ஹவுஸ். 1908-ல் கட்டத் தொடங்கிய மர வீடு. இப்போது அருங்காட்சியகம். நான் அதில் சம்பளமில்லாத வழிகாட்டி.

கேம்பிள் என்ற பெயரைத் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. ஏரியல், டைட், விக்ஸ், ஜில்லெட் என்று எதை எடுத்தாலும் உறையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள்தான் அது. மெழுகுவத்தி வார்த்த வில்லியம் பிராக்டரும் சோப்புக் காய்ச்சிய ஜேம்ஸ் கேம்பிளும் சகலைகள். மாமனார் சொன்ன யோசனையைக் கேட்டு 1837-ல் சின்சினாட்டி நகரில் கூட்டுத் தொழில் தொடங்கினார்கள். அந்த ஜேம்ஸின் மகன் டேவிட், தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சின்சினாட்டியின் பனிக்குத் தப்பி மனைவி மேரியோடு பசடீனாவில் குளிர்காலத்தைக் கழிக்க வந்தார். வந்தவருக்கு ஊர் பிடித்துப்போயிற்று. வீடு கட்ட, சார்லஸ் கிரீன், ஹென்றி கிரீன் என்ற அண்ணன் தம்பியைப் பிடித்தார்.

இந்தச் சகோதரர்கள் சின்ன வயதில் செயின்ட் லூயிஸ் நகரில் கைத்தொழிற்கல்வி தரும் பள்ளியில் மரவேலையும் உலோக வேலையும் படித்தவர்கள். அதற்குப் பிறகுதான் எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை. 1893-ல் பெற்றோர் இருந்த பசடீனாவுக்கு வரும் வழியில் சிகாகோ உலகக் கண்காட்சியில் இறங்கி, அங்கே ஜப்பானியர்கள் கோயில் பாணியில் எழுப்பியிருந்த மர மண்டபத்தைப் பார்த்தார்கள். மரத்தை மறைக்காமல், பூசாமல், எந்த மரம் எந்த மரத்தைத் தாங்குகிறது என்று வெளிப்படையாகக் காட்டும் அந்தக் கட்டுமானம் இருவர் மனத்திலும் தங்கிவிட்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்து அது இந்த வீடாக முளைத்தது.

நான் இங்கே வழிகாட்டி ஆனதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. மகன் வீட்டில் வந்து தங்கும் எல்லாப் பெற்றோருக்கும் வரும் பிரச்சினைதான். காலையில் மகனும் மருமகளும் வேலைக்கு, பேரன் பள்ளிக்கு. தெருவில் ஈ காக்கை இருக்காது. எதிர்வீட்டில் எண்பதைத் தாண்டிய ஓர் அம்மையார் மட்டும் வாரத்தில் ஒரு நாள் கழுத்தில் பெயர் அட்டையோடு காரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். ஒரு நாள் வேலியோரம் நின்று விசாரித்தேன். "ஒரு பழைய வீட்டைச் சுற்றிக் காட்டப் போகிறேன், நீங்களும் வந்து பாருங்களேன்" என்றார். போனேன். பார்த்துவிட்டு வந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. "அம்மா, உனக்கு அங்கே என்ன குடுப்பாங்க?" என்று மகன் கேட்டான். "காபி" என்றேன்.

பெயர் கொடுத்ததும் கையில் வீட்டுச் சாவியைத் தந்துவிடுவார்கள் என்று நினைக்கக் கூடாது. 'டோசன்ட்' என்று அழைக்கப்படும் இந்தத் தன்னார்வ வழிகாட்டிகளுக்கு முறையான வகுப்பு உண்டு. கட்டடக்கலை, குடும்ப வரலாறு, மர வகைகள், நிலநடுக்கம் வந்தால் கூட்டத்தை எந்த வழியாக வெளியேற்றுவது என்பது வரை பாடம். பிறகு மூத்த வழிகாட்டிகளின் பின்னாலேயே சுற்றிக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். என்னோடு படித்தவர்களில் ஓய்வுபெற்ற பொறியாளர் உண்டு, பள்ளி ஆசிரியை உண்டு, மருத்துவர் உண்டு. எல்லோரும் கையில் குறிப்பேட்டோடு பெஞ்சில் உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளாக மாறிவிட்டார்கள்.

அந்த வகுப்பில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம், எப்போது பேசக் கூடாது என்பது. வெளியே கலிபோர்னியா வெயில் கண்ணைப் பறிக்கும். உள்ளே நுழைந்ததும் ஒரே இருட்டு. சுவர், கூரை, படிக்கட்டு எல்லாம் பழுப்பு மரம். வருகிறவர்கள் முதலில் சொல்வது, "ஐயோ, என்ன இவ்வளவு இருட்டு!" அப்போது விளக்கம் சொல்ல வாயைத் திறக்கக் கூடாது. அப்படியே நிற்க வேண்டும். கண் மெல்லப் பழகும். முதலில் கதவின் கண்ணாடி தெரியும், அப்புறம் படிக்கட்டின் ஓரம், அப்புறம் மரத்தின் ரேகை. ஒவ்வொருவர் முகமாக நிமிரும். அதற்குப் பிறகு பேச்சைத் தொடங்கினால் போதும்.

சுற்றுலா, வீட்டின் பழைய மோட்டார் கொட்டகையில் தொடங்குகிறது. அதுதான் இன்று சீட்டுக் கொடுக்கும் இடமும் புத்தகக் கடையும். அங்கிருந்து புல்வெளி ஓரமாக நடந்தால் வீட்டின் முகம். ஒன்றின்மேல் ஒன்றாகத் தாழ்ந்து படர்ந்த கூரைகள். கைமரங்கள் கூரையைத் தாண்டி வெளியே நீண்டிருக்கின்றன. இறவாரத்தின் நிழல் சுவரில் பாதியை மூடிவிடுகிறது. மேடையின் மதிலைப் பாருங்கள் என்று காட்டுவேன். பக்கத்து அரோயோ செக்கோ ஆற்றுப் பள்ளத்தில் பொறுக்கிய உருண்டைக் கற்களோடு, சூளையில் அளவுக்கு மீறி வெந்து, கருகி, கோணிப்போன செங்கல்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். எந்தக் கொத்தனாரும் ஒதுக்கித் தள்ளும் கல் அது. இங்கே அதுதான் அழகு.

முன்வாசலுக்கு வந்தால் மூன்று கதவுகள். நடுவில் அகலமானது, இரு பக்கமும் ஒடுக்கமானவை. மூன்றிலும் அவற்றின் மேலுள்ள கண்ணாடிப் பலகைகளிலுமாகச் சேர்ந்து ஒரே மரம், கிளை பரப்பி நிற்கும் கலிபோர்னியா ஓக் மரம். சார்லஸ் கிரீன் வரைந்து கொடுக்க, எமில் லாங்கே என்ற கண்ணாடிக் கலைஞர் செய்தது. வெளியே நின்று பார்த்தால் கறுப்புக் கோடுகள்தான் தெரியும், பலர் நின்றுகூடப் பார்க்காமல் உள்ளே போய்விடுவார்கள். உள்ளே போய்த் திரும்பிப் பார்க்கச் சொல்வேன். வீடு கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நேரே கண்ணாடியில் அடிக்க, இலைகள் பொன்னும் பச்சையுமாக எரியும். கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயக்கோடு எங்கும் ஒரே தடிமனில் இல்லை. அடிமரத்தில் தடித்து, கிளையில் மெலிந்து, நுனியில் நூலாகிவிடுகிறது. கதவின் மரச்சட்டமே அடிமரமாகி மேலே கண்ணாடியில் கிளையாகத் தொடர்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இன்னும் மேல்மூச்சு வாங்கும் இடம் இது.

கூடத்தின் வலப்புறம் படிக்கட்டு. பர்மா தேக்கு. கைப்பிடிக் கட்டை வழக்கம்போலச் சாய்ந்து ஏறாமல், படிக்குப் படி தானும் மடங்கி மடங்கி ஏறுகிறது. விளிம்புகளையெல்லாம் உருட்டி இழைத்திருக்கிறார்கள். கூர்மையான ஓரம் என்று ஒன்றும் கிடையாது. இணைப்புகளில் சிறு சதுர ஆப்புகள் தலை நீட்டியிருக்கும். "ஆணியே அடிக்காத வீடாமே?" என்று கேட்பவர்கள் நிறைய. இல்லை. பல ஆப்புகளுக்கு அடியில் திருகாணி ஒளிந்திருக்கிறது. ஆப்பு அதை மூடுகிறது, ஆனால் ஒளிக்க வேண்டியதையே அணியாக்கிவிட்டது. இந்த வேலையைச் செய்தவர்கள் பீட்டர் ஹால், ஜான் ஹால் என்ற ஸ்வீடன் நாட்டில் பிறந்த சகோதரர்கள். அண்ணன் தம்பி வரைந்ததை இன்னோர் அண்ணன் தம்பி செதுக்கிய வீடு இது.

கிரீன் சகோதரர்கள் சுவரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மேசை, நாற்காலி, தரைவிரிப்பு, தொங்கு விளக்கு வரை அவர்களே வரைந்தார்கள். சாப்பாட்டு அறையின் மேசையை விருந்தாளிகள் வந்தால் நீட்டலாம். பலகைதான் நீளும், நடுக்கால் இருந்த இடத்தில் இருக்கும். வரவேற்பறையில் கணப்படுப்பைச் சுற்றி உட்கார ஒரு தனி மாடம். சுவரின் மேற்பட்டையில் ரெட்வுட் மரப் பலகைகளில் பறவைகளும் செடிகளும். சமையலறைக்குள் போனதும் எல்லாமே வெள்ளை ஓடும் வெளிறிய மேப்பிள் மரமும். "இங்கேதான் வெளிச்சமே இருக்கிறது" என்று பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் இங்கே நின்று சமைத்தது மேரி கேம்பிள் அல்ல, வேலைக்காரர்கள்.

மாடியில் எனக்குப் பிடித்தது தூங்கும் தாழ்வாரங்கள். காசநோய்க்கு எல்லோரும் அஞ்சிய காலம், தூய காற்றுதான் மருந்து என்று நம்பிய காலம். படுக்கையறையை ஒட்டிச் சுவரில்லாத திறந்த மேடைகளைக் கட்டி, இரவில் அங்கே படுத்துக்கொள்ள வசதி செய்தார்கள். சித்திரை மாதத்தில் மொட்டை மாடியில் பாய் விரித்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வீடு எழும்பிக்கொண்டிருந்த 1908-ல் கேம்பிள் குடும்பம் கிழக்காசியப் பயணம் போயிருந்தது. அந்தப் பயணத்தில் சீனாவை முதன்முதலாகப் பார்த்த நடு மகன் சிட்னி, பிற்பாடு சமூகவியல் ஆய்வாளராகித் திரும்பத் திரும்ப அங்கே போனார். 1932 வரை அவர் எடுத்த சீனப் புகைப்படங்கள் சுமார் 5,000. இறுதி ஊர்வலம், கழைக்கூத்து, சந்தை, பள்ளிக்கூடம் என்று ஒரு தேசத்தின் அன்றாடம் அவற்றில் பதிவாகியிருக்கிறது. மாடியில் அவர் பெயரைச் சொல்லும்போது சீன முகங்கள் சில கூட்டத்தில் இருந்தால், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இளைஞர்கள் வந்தால் கேள்வி வேறு. 1985-ல் வந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தில் டாக் பிரவுனின் 1955ஆம் ஆண்டு வீடாக வெளியே தெரிவது இந்த வீடுதான். "கால இயந்திரம் எங்கே?" என்பார்கள். படத்தின் உட்புறக் காட்சிகளை எடுத்தது இங்கே அல்ல, இதே ஊரில் கிரீன் சகோதரர்கள் கட்டிய பிளாக்கர் ஹவுஸில். இதைச் சொன்னதும் அவர்களுக்கு ஏமாற்றம். நான் பிளாக்கர் ஹவுஸின் கதையைத் தொடர்ந்து சொல்லிவிடுவேன்.

அதே 1985-ல் அந்த வீட்டை டெக்சாஸ்காரர் ஒருவர் வாங்கினார். குடியிருப்பதற்கு அல்ல. அந்த வீட்டுக்கென்றே வரைந்து செய்த விளக்குகளையும் கண்ணாடிகளையும் கழற்றி, கலைப்பொருள் சந்தையில் விற்பதற்கு. வீட்டின் விலையைவிடப் பாகங்களின் விலை அதிகம் என்று கணக்குப் போட்டவர் அவர். ஊரே கொதித்தது. பசடீனா நகர மன்றம் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் போன விளக்குகள் போனவைதான். பிறகு வந்த உரிமையாளர்கள் பெரும் செலவில் நகல் செய்து மாட்ட வேண்டியதாயிற்று.

கேம்பிள் ஹவுஸுக்கும் அப்படி ஒரு கண்டம் வந்தது. டேவிட் 1923-லும் மேரி 1929-லும் காலமானார்கள். மேரியின் தங்கை ஜூலியா அந்திமம் வரை இங்கே இருந்தார். பிறகு மூத்த மகன் சிசிலும் அவர் மனைவி லூயிஸும் குடிவந்தார்கள். அந்தக் காலத்தில் இந்தப் பாணி வீடுகளை யாரும் சீந்துவதில்லை. விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தபோது, பார்க்க வந்தவர்கள் உள் மரத்துக்கெல்லாம் வெள்ளையடித்துவிடலாம் என்று தமக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்ததாம். அத்தோடு விற்கும் எண்ணத்தை விட்டார்கள். 1966-ல் குடும்பம் வீட்டை, உள்ளிருந்த சாமான்களோடு, பசடீனா நகருக்கு எழுதிக் கொடுத்தது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் பராமரிப்பில் கூட்டுச் சேர்ந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள் இருவர் ஆண்டுதோறும் இந்த வீட்டிலேயே தங்கிப் படிக்கும் வழக்கமும் அப்படி வந்ததுதான். கிரீன் சகோதரர்கள் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. ஆனால் 1952-ல், இருவரும் எண்பதைத் தாண்டியிருந்தபோது, அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் அவர்களைத் தேடிப் பாராட்டியது.

ஒரு நாள் என் குழுவில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், கால்டெக்கில் படிக்கும் பேத்தியோடு வந்திருந்தார். காரைக்குடிப் பக்கம். கூடத்தில் எல்லோரும் கதவுக் கண்ணாடியை அண்ணாந்து பார்க்க, அவர் படிக்கட்டருகே குனிந்துவிட்டார். தொடக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் கைகளைப் பின்னால் கோத்திருந்தார். மூக்கு மட்டும் மரத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

"பர்மா தேக்கும்மா."

"ஆமாங்கய்யா. எப்படிச் சொல்றீங்க?"

"பொறந்து வளந்ததே அதுக்குள்ளதானே. நூறு வருசத்துக்கு மேல ஆச்சுங்கிறீங்க, ஒரு எடத்துல முறுக்கல பாருங்க. நல்லாக் காயவச்சு, பதம் பாத்து உளி வச்சிருக்கான்."

அவர் சொன்னதில் பொருள் இருக்கிறது. அன்று பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். நகரத்தார் அங்கே வட்டித் தொழில் நடத்தி, கப்பலில் தேக்கு கொண்டுவந்து செட்டிநாட்டில் முகப்பும் வளவுமாக வீடுகள் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பர்மா காட்டில் வெட்டிய தேக்கில் ஒரு பங்கு வங்கக் கடலைத் தாண்டி நம் பக்கம் வந்தது, ஒரு பங்கு பசிபிக்கைத் தாண்டிப் பசடீனாவுக்குப் போனது.

மாடி இறங்கி வரும்போது பெரியவர் மெல்லச் சொன்னார்: "எங்க வீடும் பெரிய வீடுதாம்மா. பங்காளி கூடிப்போச்சு. ஆளுக்கொரு தெசையில இருக்காக. மொகப்புத் தூணப் பேத்து வித்தாக, அப்பறம் நெலைக்கதவு. இப்ப போய்ப் பாத்தா எது எங்க இருந்துச்சுன்னு பேரப்புள்ளைக்கிக் காட்ட ஒண்ணுமில்ல." பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தூண்களும் கதவுகளும் எங்கே போய் நிற்கின்றன என்று தெரியும். அங்கே ஒவ்வொன்றும் அழகுதான். எந்த வீட்டில், யார் சாய்ந்து உட்கார்ந்த தூண் என்று சொல்ல மட்டும் ஆள் கிடையாது.

2025 ஜனவரி 7ஆம் தேதி மாலை, மலையடிவாரத்தில் ஈட்டன் தீ பற்றியது. பேய்க்காற்று. பசடீனாவை ஒட்டியிருக்கும் அல்டடீனாவில் 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. வரைபட நிறுவனம் நடத்திய ஆண்ட்ரூ மக்னாலி 1887-ல் கட்டிய மாளிகை போயிற்று. நாவலாசிரியர் ஜேன் கிரே வாழ்ந்த வீடும் போயிற்று. எங்கள் வீட்டிலும் பெட்டி கட்டி வாசலில் வைத்திருந்தோம். சாம்பல் மழையாகப் பெய்தது. கேம்பிள் ஹவுஸ் முழுக்க முழுக்க மரம். ஒரு பொறி போதும். தீ அந்தப் பக்கம் வரவில்லை. மழையும் வெயிலும் மட்டும் மெல்ல அரித்துக்கொண்டே இருக்கின்றன. கூரையைத் தாண்டி நீளும் கைமர முனைகள் உளுத்துப்போய், 2000-களின் தொடக்கத்தில் அவற்றை ஒவ்வொன்றாகச் செப்பனிட்டார்கள். அந்த வேலைக்கு முடிவே இல்லை.

இந்த வீட்டுக்கு ஒரு சுவர் கூடுதலோ ஒரு கதவு கூடுதலோ தேவையில்லை. தினமும் யாராவது வந்து கதவைத் திறந்து, வந்தவர்களை அழைத்துப்போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இங்கே அதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள். காலில் வலி, கையில் தண்ணீர்ப் புட்டி, வாயில் கதை. அரசாங்கப் பணமும் கோடீசுவரர் நன்கொடையும் வீட்டைக் காப்பாற்றலாம். அது எதற்காகக் காப்பாற்றப்பட்டது என்று அடுத்தவருக்குப் புரியவைக்க ஒரு மனித வாய் வேண்டியிருக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸ் வந்தால் ஒரு பகலைப் பசடீனாவுக்கு ஒதுக்குங்கள். சுற்றுலா ஒரு மணி நேரம்தான், சீட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். காலை நேரமாகப் பார்த்து வாருங்கள், கதவில் வெயில் அடிக்கும். கூடவே ஒரு வேண்டுகோள். செட்டிநாடோ, தஞ்சாவூரோ, திருநெல்வேலியோ, உங்கள் குடும்பத்தில் பூட்டிக் கிடக்கும் பழைய வீடு இருந்தால் தூணையும் நிலையையும் பிரித்து விற்காதீர்கள். விற்றே ஆக வேண்டுமென்றால் வீட்டை முழுசாக விற்றுவிடுங்கள். விற்காதவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது கதவைத் திறந்து வையுங்கள். கதை சொல்ல உங்கள் தெருவிலேயே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருப்பார். காபி கொடுத்தால் போதும், வந்துவிடுவார்.